கரைக்காரனுக்குக் கிடைத்த விருது

லெவ்கோ போரிசோவிச் வந்தபோது மருந்துக் கடையில் நல்ல கூட்டம். அவரும் வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் தொண்டைக்கு ஏதாவது மாத்திரை வேண்டும் என்றார். ஒரீஸ்யா எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் அவர் நகரவில்லை.

"கொஞ்சம் வெளியே வர முடியுமா? கெட்ட சேதி இல்ல, பயப்படாத."

கடையைக் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். காலையிலிருந்து பொல்தாவாவில் பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை. நடைபாதையில் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார் லெவ்கோ. அங்கே பேசினால் வேறு யார் காதிலும் விழாது.

"வோர்ஸ்க்லா விருதுக்கு நடுவர்கள் முடிவு பண்ணிட்டாங்க. இலக்கியத்துக்குத் திமிஷ், இசைக்கு மெலானியா. பத்திரிகை விருது கரைக்காரனுக்கு."

கரைக்காரன் ஒரீஸ்யாவின் கணவன்.

அவன் உண்மையான பெயர் ஸகார். அசோவ் கடலோரத்தில் அவர்களுடைய ஊரில் விளையாட்டுச் செய்தியாளனாக இருந்தவன். மல்யுத்தம், உள்ளூர்க் கால்பந்து, படகுப் போட்டி, இவைதான் அவனுக்கு உலகம். தோற்ற அணியைப் பற்றி எழுதும்போது மட்டும் அவன் எழுத்தில் ஒரு தனி அழகு வரும் என்று அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த லெவ்கோ சொல்வார். போர் தொடங்கி எதிரிப்படை ஊரைப் பிடித்ததும் பத்திரிகை மூடிவிட்டது. ஒரீஸ்யா மகளைக் கூட்டிக்கொண்டு பொல்தாவாவுக்கு வந்தாள். ஸகாரின் அம்மா ஃபெதோரா, வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மாவைத் தனியே விட அவனுக்கு மனம் வரவில்லை. ரொட்டி வண்டி ஓட்டும் வேலைக்குப் போனான்.

ரொட்டி வண்டி போகாத தெரு கிடையாது. பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகத்தைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போனார்கள், மீனவர்களைக் கடலுக்குள் விடாமல் எப்படிக் கரையிலேயே உட்காரவைத்தார்கள், எந்த டாக்டர் திடீரென்று காணாமல் போனார் என்று எல்லாம் அவன் காதுக்கு வந்தது. சின்னச் சின்னதாக எழுதி, கைப்பேசியில் லெவ்கோவுக்கு அனுப்புவான். அனுப்பியதும் அழித்துவிடுவான். லெவ்கோ அவற்றைத் தன் இணையதளத்தில் 'கரைக்காரன்' என்ற பெயரில் போட்டார். நாடு முழுக்கப் படித்தார்கள்.

போன வருடம் வசந்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுத்துக்காக இல்லை. அவர்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்காமல் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தான், அதற்காக. அவர்களைப் பொறுத்தவரை அவன் முரண்டு பிடிக்கிற ஒரு ரொட்டி வண்டிக்காரன். அந்த மாதிரி ஆட்களைச் சில மாதம் வைத்து அடித்துவிட்டு வெளியே விட்டதும் உண்டு. ஒரீஸ்யா அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினாள்.

"பேரைச் சொல்ல மாட்டோம்" என்றார் லெவ்கோ. "கரைக்காரன், அவ்வளவுதான். மேடையில யாரும் வந்து வாங்க மாட்டாங்க. அவன் எழுதினதுல ஒண்ணை நடிகை ஒருத்தங்க படிப்பாங்க, முடிஞ்சுது."

"வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லலாம். ஆனா இறுதிப் பட்டியல் போன மாசமே வெளியில வந்தாச்சு. கரைக்காரன் பேரை விருதுக்கு அனுப்பினது யாருன்னு எனக்கே தெரியாது, வாசகர்கள்ல யாரோ. இப்போ பின்வாங்கினா ஏன்னு கேப்பாங்க. கேள்வி வந்தா ஆளைத் தேடுவாங்க."

"அப்போ என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

லெவ்கோ மாத்திரை அட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபது தாண்டிய மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "கேக்காம இருக்க மனசு வரல" என்றார்.

அன்று சாயங்காலமே, விருதைப் பற்றி எதுவும் சொல்லாமல், கைதியின் பேர் வெளியே வருவது நல்லதா என்று பொதுவாகத் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டாள். கைதிகளின் குடும்பங்களுக்கென்று இருந்த அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். எடுத்த பெண் களைத்த குரலில், "இதுல நாங்க ஆலோசனை சொல்றதில்லம்மா, குடும்பம்தான் முடிவு எடுக்கணும்" என்றாள். மாடி வீட்டில் இருந்தவளின் கணவன் கைதிப் பரிமாற்றத்தில் திரும்பி வந்திருந்தான். அவள், "கத்துங்க! பேரை ஊரெல்லாம் சொல்லுங்க! பேர் வெளியே வந்தாத்தான் கொல்லப் பயப்படுவாங்க" என்றாள். கூட வேலை பார்க்கும் பெண்ணின் தம்பிக்குப் பதினோரு வருடம் தண்டனை போட்டிருந்தார்கள். அவள், "மூச்சு விடாதீங்க அக்கா. நாங்க பேட்டி குடுத்தோம், அதுக்கப்புறம்தான் அவனை எங்கேயோ மாத்தினாங்க" என்றாள். இருவர் சொன்னதும் உண்மைதான், இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மகள் ஸ்லாத்தாவுக்குப் பதினைந்து வயது. அவளிடமிருந்து எதையும் மறைக்க முடிவதில்லை. "அப்பாவுக்குக் குடுக்கறாங்களா?" என்று கேட்டாள். பிறகு மெல்ல, "யார்கிட்டயும் சொல்லக்கூடாது, இல்லம்மா?" என்றாள்.

"சொல்லக்கூடாது."

"ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருக்காங்க. எங்க டீச்சர் வகுப்புல வாசிச்சுக் காட்டினாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

ஒரீஸ்யாவுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. இரண்டு வருடமாக அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'ரொட்டி வண்டி ஓட்டறவர்' என்றே சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் கசந்துபோயிருந்தது. ஒரு தடவையாவது நாலு பேர் நடுவே உட்கார்ந்து அவன் எழுதியதைக் கேட்க வேண்டும். லெவ்கோவுக்குச் சரி என்று சொன்னாள்.

மாமியாரோடு வாரத்துக்கு ஒரு முறை பேசுவாள். ஒட்டுக் கேட்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஃபெதோரா சிறைவாசலுக்குப் பொட்டலம் கொண்டுபோவாள், உப்புக்கண்டம், டீத்தூள், காலுறை. உள்ளே வாங்கிக்கொண்டால் மகன் அங்கே இருக்கிறான் என்று அர்த்தம். அதை அவர்கள் ரத்த அழுத்தத்தை வைத்துப் பேசிக்கொள்வார்கள். மருமகள் மருந்துக் கடைக்காரி, கேட்பது இயல்பாகவே இருக்கும்.

"அத்தை, பிரஷர் எப்படி இருக்கு?"

"சரியா இருக்கும்மா. நேத்துக்கூடப் பாத்தேன்."

வாங்கிக்கொண்டார்கள். அந்த வார்த்தை ஒரு வாரத்துக்குப் போதும்.

விருது விழா மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். போருக்கு முன்பெல்லாம் இந்த விழாவுக்குப் பெண்கள் புதுச் செருப்பு வாங்குவார்கள் என்று சொல்வார்கள். இப்போது பாதிப் பேர் சீருடையில் வந்திருந்தார்கள். ஒரீஸ்யா கடைசிக்கு முன்வரிசையில், யாரோ ஒரு வாசகி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஸ்லாத்தாவைக் கூட்டி வரவில்லை. வீட்டிலிருந்து நேரலையில் பார்க்கச் சொல்லியிருந்தாள்.

மேயர் பேச எழுந்ததும் சைரன் ஊளையிட்டது. யாரும் பதறவில்லை. எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு, வரிசையாக அடித்தளத்துக்கு இறங்கினார்கள். அங்கே ஏற்கெனவே பள்ளிக்கூட பெஞ்சுகளும் ஒரு ஒலிபெருக்கியும் தயாராக இருந்தன. கேமராக்காரன் வயர்களைத் தோளில் சுற்றிக்கொண்டு கடைசியாக இறங்கினான். "நேரலை போகுதா?" என்று யாரோ கேட்க, "எங்க நெட்டு சாகாது, எங்களைத்தான் சாகடிக்கணும்" என்றான். சிரித்தார்கள்.

முதலில் மெலானியாவின் இசை. நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதியது. செல்லோ வாசிப்பவர் படையில் இருந்ததால் அந்தப் பகுதியை ஒரு கிழவர் அக்கார்டியனில் வாசித்தார். தாழ்ந்த கூரைக்குக் கீழே அந்த மூச்சு வாங்கும் ஓசை எல்லோர் நெஞ்சையும் அமுக்கியது. எங்கோ தூரத்தில் இரண்டு முறை அதிர்ந்தது. கிழவர் நிறுத்தாமல் வாசித்து முடித்தார்.

பிறகு பத்திரிகை விருது. "கரைக்காரன்" என்று அறிவித்தார்கள். நடிகை எழுந்து படித்தாள். ஸகாரின் ஊரில் ஒரு சலூன்காரரைப் பற்றியது. படைவீரர்களுக்கு முடி வெட்ட மனமில்லாமல் அவர் தன் கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொள்கிறார். ஊரே அதை நம்புவது போல நடிக்கிறது. கடைசியில் ஒருநாள் ஒரு சின்ன வயதுச் சிப்பாய் வந்து, கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'வலிக்குதா தாத்தா?' என்று கேட்கிறான். அவருக்கு அழுகை வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. ஒரீஸ்யா மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள். அந்தச் சலூனில் ஸகாருக்குக் கல்யாணத்துக்கு முடி வெட்டியது அவளுக்கு நினைவு வந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள். கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விட்டாள்.

கடைசியாகத் திமிஷ். பீரங்கிப் படையில் இருக்கும் கவிஞன். அன்று காலைதான் களத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தான், பூட்ஸில் சேறு காயவில்லை. ஸகாரும் அவனும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. யாரும் சொல்லாமலே, எழுத்து நடையை வைத்தே கரைக்காரன் யார் என்று கண்டுபிடித்தவன். அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லாதே என்று எச்சரிக்க வேண்டும் என்று லெவ்கோ நினைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் சைரன் வந்தது. இறங்கும் சந்தடியில் அவரை யாரோ நாற்காலி தூக்கக் கூப்பிட்டார்கள்.

திமிஷ் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினான்.

"எனக்குப் பேச வராது. துப்பாக்கிச் சத்தத்துல பாதிக் காது போச்சு. எனக்குக் குடுத்ததை நான் தனியா வாங்கிக்கிட்டா நியாயம் இல்ல. நம்ம எல்லாரையும்விட நல்லா எழுதறவன் ஒருத்தன் இப்போ அவங்க சிறையில கிடக்கான். அவன் எழுத்தைத்தான் இப்போ கேட்டீங்க. அவனை மறந்துடாதீங்க. அவன் பேரு ஸகார்."

குடும்பப் பெயரையும் சொன்னான். ஊரையும் சொன்னான்.

ஒரீஸ்யாவுக்குக் காது அடைத்துப்போனது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். இன்னொருவர் எழுந்தார். மொத்த அடித்தளமும் எழுந்து நின்று கைதட்டியது. மேயர் தட்டினார், கேமராக்காரன் ஒரு கையால் தொடையில் தட்டினான். நிறுத்துங்கள் என்று கத்தலாம். கத்தினால் அது உண்மை என்று ஆகிவிடும், அதுவும் நேரலையில். உட்கார்ந்தே இருந்தால் யார் இவள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரும்மா. இப்படிப்பட்ட ஆளுக்கு எழுந்து நிக்காம வேற யாருக்கு நிப்போம்?"

ஒரீஸ்யா எழுந்து நின்றாள். கைதட்டினாள். உள்ளங்கை எரிந்தது. எல்லோரும் நிறுத்திய பிறகுதான் நிறுத்தினாள்.

சைரன் ஓய்ந்து மேலே வந்ததும் திமிஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா? எப்படி எழுந்து நின்னாங்க பாத்தியா? படையில பிடிபட்ட நம்ம பசங்களை அப்படித்தான் வெளியே கொண்டுவந்தோம், பேரைச் சொல்லிச் சொல்லி."

"கேட்டேன்" என்றாள் ஒரீஸ்யா. லெவ்கோதான் அவனை ஓரமாகக் கூட்டிப்போய், எழுதியது ஸகார்தான் என்று அங்கே இதுவரை யாருக்கும் தெரியாது என்று சொன்னார். திமிஷ் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்கவே இல்லை. அவனைக் கூட்டிப்போக வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்லாத்தா கதவருகிலேயே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, அழிச்சுட்டாங்க. காணொளியை எடுத்துட்டாங்க. நானே லெவ்கோ தாத்தாவுக்குப் போன் பண்ணினேன்" என்றாள். பிறகு, "ஆனா ஒருத்தன் வெட்டி எடுத்து டெலிகிராம்ல போட்டுட்டான். இதயப் படமெல்லாம் வெச்சுப் போட்டிருக்கான். எடுன்னு எழுதினேன். 'நீ யாரு?'ன்னு கேக்கறான். என்னன்னும்மா சொல்றது?"

இருவரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பக்வீட் கஞ்சி வைத்தார்கள், யாரும் தொடவில்லை.

அந்த வாரம் ஃபெதோரா கூப்பிடவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டாள்.

"அத்தை, பிரஷர்?"

"பாக்கவே முடியலம்மா. மிஷின் வேலை செய்யலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." பிறகு சாதாரணக் குரலில், "வீடு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு. அடுக்கிக்கிட்டிருக்கேன். தரைப் பலகையெல்லாம்கூடப் பேந்துபோச்சு" என்றாள்.

வீட்டைச் சோதனை போட்டிருக்கிறார்கள். "உங்களுக்கு அடி கிடி பட்டுதா அத்தை?"

"எனக்கென்ன, கிழவிக்கு. போனை வை, காசு ஆகுது."

கோடை முழுக்க எந்தத் தகவலும் இல்லை. பொட்டலத்தை வாங்கவில்லை, இங்கே இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரீஸ்யா கடைக்குப் போனாள், வந்தாள். தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு வேளைக்கு மேல் எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யார்மேலாவது கோபப்பட்டால் மனம் ஆறும் என்று பார்த்தாள். லெவ்கோமேல் கோபப்பட முடியவில்லை. மனிதர் வாரா வாரம் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்து, மாடிப்படியிலேயே வைத்துவிட்டு, மணியடிக்காமல் போய்விடுவார். திமிஷ் ஒருநாள் களத்திலிருந்து கூப்பிட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று மனதில் எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள்.

"ஒரீஸ்யா, திட்டு. கெட்ட வார்த்தையில திட்டு. நான் போனை வைக்க மாட்டேன்."

அவன் பின்னால் டமார் டமார் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்க என்ன சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான்."

"தலையைக் கீழ வெச்சுக்கோ" என்றாள். அதற்குள் இணைப்பு அறுந்துபோனது. சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

இலையுதிர் காலத்தில் ஸகாரின் வழக்கை எடுத்திருந்த ஒரு வக்கீல் அங்கிருந்தே தொலைபேசியில் பேசினார். கறாரான, நடுத்தர வயதுக் குரல். உளவு பார்த்ததாக வழக்கு. குற்றப்பத்திரிகையில் எதிரி நாட்டின் விருது பெற்றவன் என்றும் எழுதியிருக்கிறார்கள் என்றார்.

"அதனாலதானா?" என்று கேட்டாள் ஒரீஸ்யா. "அந்த விருதாலதானா கண்டுபிடிச்சாங்க?"

வக்கீல் யோசித்தார். "விசாரணை எப்போ ஆரம்பிச்சதுன்னு காகிதத்துல சரியா இல்ல. அதுக்கு முன்னாடியே பேக்கரியில யாரோ காட்டிக் குடுத்ததாவும் பேச்சு. எப்படியும் ஒருநாள் தெரிஞ்சிருக்கும். இல்ல, தெரியாமலும் போயிருக்கலாம். என்னால சொல்ல முடியல."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"அம்மா, எனக்குத் தோணறதை வெச்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்றேன். இனிமே அவர் காணாமப் போன ஆள் இல்ல. பேரும் வழக்கு எண்ணும் இருக்கு. பரிமாற்றப் பட்டியல்ல சேக்கலாம். சிலருக்கு அதுகூட இல்ல."

தீர்ப்பன்று எதிரி நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சின்னக் காட்சி வந்தது. ஸ்லாத்தாதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஸகார். தலையை மழித்திருந்தார்கள். கழுத்து மெலிந்து, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. பதிமூன்று வருடம் என்று நீதிபதி படித்தபோது அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்லாத்தா அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"அப்பாவுக்கு முன்பல்லு இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. வாயையே திறக்கல."

"போதும், நிறுத்து."

"அம்மா, நல்லா இருக்காரா? சும்மா சொல்லேன், நல்லா இருக்காருன்னு."

"நிக்கறாரில்ல? நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு" என்றாள் ஒரீஸ்யா. அதைத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

தீர்ப்புக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு முறை பார்க்க அனுமதி கொடுத்தார்கள். ஃபெதோரா அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். இந்த முறை பிரஷரைப் பற்றி எதுவும் பேசவில்லை, ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

"பாத்தேன் ஒரீஸ்யா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். சிரிச்சான்."

"என்ன சொன்னாரு?"

"விருதைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. விசாரிக்கறவன்தான் சொன்னானாம். வாழ்த்துச் சொன்னானாம்." எப்படி வாழ்த்தினான் என்று ஃபெதோரா சொல்லவில்லை, ஒரீஸ்யாவும் கேட்கவில்லை. "திமிஷ் உயிரோட இருக்கானான்னு கேட்டான். இருக்கான்னு சொன்னேன். அவனை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னான். அப்புறம் நேரமாச்சுன்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

"என்னைப் பத்தி?"

மறுமுனையில் கிழவி மூக்கை உறிஞ்சினாள். "கேக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சும்மா. வாயைத் திறந்தான், கேக்கத்தான் வந்தான். நான் பாத்தேன்."

நவம்பரில் அவனை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். வக்கீலுக்கே எந்த ஊர் என்று தெரியவில்லை. ரயிலில் கொண்டுபோவார்கள், வாரக் கணக்கில் ஆகும், யூரல் மலைக்கு அப்பால் இருக்கலாம், போய்ச் சேர்ந்தால் என்றைக்காவது தகவல் வரும் என்றார். ஒரீஸ்யா நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கினாள். அனுப்ப முகவரி இல்லை. தானே ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெப்பமில்லாத சமையலறையில் ஸ்லாத்தாவோடு உட்கார்ந்தாள்.

அன்றைக்குக் கைப்பேசியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. ஸ்லாத்தா ஊர் ஊராக வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்ம், ஓம்ஸ்க், செல்யாபின்ஸ்க், அவர்கள் வாயில் நுழையாத இன்னும் சில ஊர்கள்.

"இங்க மைனஸ் நாலு. இங்க மைனஸ் ஒம்பது. இங்க பனி பெய்யுதாம். அம்மா, எந்த ஊரா இருக்கும்?"

"தெரியலம்மா."

"சும்மா ஒண்ணு சொல்லு. எந்த ஊரா இருந்தா நல்லது?"

ஒரீஸ்யா திரையைப் பார்த்தாள். எண்களில் குறைவாகக் குளிரும் ஊரைத் தேடினாள்.

"அந்த மைனஸ் நாலு" என்றாள். "அங்க இருக்கார்னு வெச்சுக்கலாம்."

ஸ்லாத்தா அந்த ஊரைப் பட்டியலில் மேலே நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.